முந்திரி ஓட்டெண்ணெயும் ஒன்பதாம் பாட்சும்

போன மாதம், சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த கல்லூரிக்குப் போயிருந்தேன். எரிபொருள் ஆய்வகத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று ஆராய்ச்சி மாணவிகள் கூப்பிட்டிருந்தார்கள். எண்ணெயை உள்ளே வைத்து மூடிவிட்டால் போதும். அதுவே சூடாக்கி, அதுவே காற்றை ஊதி, எத்தனை மணி நேரத்தில் எண்ணெய் கெடத் தொடங்குகிறது என்பதைத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. பார்த்து முடித்ததும் என்னை நடுவில் உட்கார வைத்துப் பழைய கதை கேட்டார்கள். ஒருத்தி, "மேடம், ஒங்க சர்வீஸ்ல பெரிய தப்பு எதுனா பண்ணியிருக்கீங்களா?" என்றாள்.

"பீக்கர் நெறைய ஒடச்சிருக்கேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் என்னிடம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. குறிஞ்சிப்பாடிக்காரி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, அந்தக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, டெக்னீஷியனாக ஓய்வு பெற்றேன். முதல் இருபது வருஷம் பிள்ளைகளுக்கு, சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் பியூரெட் குழாயைப் பிடிக்கவும், அமிலம் தெறித்தால் எந்தக் குழாயில் கழுவ வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்ததிலேயே போய்விட்டது. ஆராய்ச்சி என்ற வார்த்தை என் வாழ்க்கைக்குள் வந்தது ஜாபர் சார் வந்த பிறகுதான்.

ஜாபர் சாருக்கு லால்பேட்டை. என்னைவிட ஒன்பது வயது சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை மேரிக்கா என்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கண்ணாடிச் சாமானை யார் கையிலிருந்தும் நேராக வாங்கமாட்டார். நாம் மேசையில் வைக்க வேண்டும், கையை எடுத்த பிறகு அவர் எடுத்துக்கொள்வார். எண்ணைப் படித்தால் சத்தமாகச் சொல்வார். எதிரில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் நோட்டில் ஏறும். நாம் எதையாவது சொன்னால் அவரிடமிருந்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றே: "பாத்ததா, நெனச்சதா?" முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மாதத்தில், வீட்டில் என் புருஷனிடமே அப்படிக் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் எடுத்துக்கொண்ட வேலை இதுதான். வடை சுட்ட எண்ணெய், புங்க எண்ணெய் இவற்றிலிருந்து பயோடீசல் செய்யலாம். செய்வது கஷ்டமில்லை, வைத்திருப்பதுதான் கஷ்டம். நம் ஊர் வெயிலில் சில மாதத்திலேயே சிக்கு வாடை அடித்து, பிசினாகி, இஞ்சினுக்கு ஆகாமல் போய்விடும். கெடாமல் இருக்க ஏதாவது சேர்க்க வேண்டும். கடையில் விற்கும் ரசாயனம் எங்கிருந்தோ வருகிறது. "நம்ம மாவட்டத்துல கெடைக்கிற குப்பையிலேர்ந்து பண்ணணும் மேரிக்கா. விவசாயி தூக்கிப் போடறதுலேர்ந்து" என்றார்.

எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட குப்பைக்கா பஞ்சம்? பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டகைகளில் பருப்பை எடுத்துவிட்டு ஓட்டை மலை மலையாகக் குவித்திருப்பார்கள். அந்த ஓட்டுக்குள் ஒரு கறுப்பு எண்ணெய் உண்டு. கையில் பட்டால் தோல் உரியும். முந்திரி உடைக்கும் பெண்களின் விரல் நுனி ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணெயையும் தெரியும். அந்த எண்ணெயில்தான் மற்ற எண்ணெயைக் கெடாமல் காக்கும் சத்து இருக்கிறது.

ஓடு மூட்டையில் வரும். எக்ஸ்பெல்லரில் போட்டுப் பிழிவோம். கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, அதன்மேல் கையுறை போட்டுக்கொள்வேன். பிழிந்த எண்ணெயை வடிகட்டி, பெரிய பாத்திரத்தில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். பச்சை எண்ணெயில் இருப்பது பெரும்பாலும் ஓர் அமிலம். சூடு ஏற ஏற அதிலிருந்து வாயு பிரிந்து நுரைத்துக்கொண்டு வரும். பொங்கும் பாலைப் பார்ப்பதுபோல் பக்கத்திலேயே நின்று கிண்ட வேண்டும். வாயு முழுக்கப் போய்விட்டால் அமிலம் மாறி நமக்கு வேண்டிய பொருளாகிவிடும். முழுக்கப் போனதா என்பதை நுரையை வைத்துச் சொல்லக்கூடாது. ஆறவைத்து, கொஞ்சம் எடுத்து, காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு அமிலம் மிச்சமிருக்கிறது என்று அளக்க வேண்டும். அந்த எண் பத்துக்குக் கீழே வந்தால்தான் பாட்ச், அதாவது அந்தத் தடவை காய்ச்சிய எண்ணெய், தேறும். ஒரு லிட்டர் பயோடீசலுக்கு அந்த எண்ணெயை ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாகச் சேர்த்தால் போதும்.

கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க அப்போது எங்களிடம் மெஷின் கிடையாது. நாங்களே ஒன்றைக் கட்டினோம். கொதிக்கும் எண்ணெய்த் தொட்டிக்குள் நாலு கண்ணாடிக் குழாய், மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் சின்னப் பம்பு, கடைசியில் ஒரு குவளைத் தண்ணீர், அதில் ஒரு மீட்டர். எண்ணெய் கெட்டால் அதிலிருந்து வரும் ஆவி தண்ணீரில் கலந்து மீட்டர் முள் ஏறும். கால் மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுத வேண்டும். வெறும் பயோடீசலைக் காலையில் வைத்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முள் எகிறிவிடும். முந்திரி எண்ணெய் சேர்த்ததோ சாயங்காலம் நான் பையை எடுக்கும்வரை அசையாமல் நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது ஜாபர் சார், பம்பு ஓடுகிறதா என்று மூன்று தடவை குனிந்து பார்த்தார். பிறகு, "நாளைக்குத் திரும்ப வைங்க மேரிக்கா" என்றார். மறுநாளும் அப்படியேதான் நின்றது.

ஆய்வகத்து இஞ்சினில் ஓட்டிப் பார்த்த பிறகு, வெளியில் ஒரு விவசாயியின் இஞ்சினில் போட்டுப் பார்க்க முடிவானது. சாருக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்தில் கோதண்டம் என்பவர் ஒத்துக்கொண்டார். அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி கலைமணி பேசுவார். அவர்களிடம் ஒரு டீசல் இஞ்சின் இருந்தது. கோடையில் தண்ணீர் இறைக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் வயலில் தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்கும். இரண்டு மாதம் எங்கள் எரிபொருளில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. "ஒங்க டீசலு வடை வாசன அடிக்குது டீச்சர், இறைக்கிறப்பல்லாம் பசிக்குது" என்று கலைமணி சிரிப்பார். அது எட்டாம் பாட்ச் வரை.

ஒன்பதாம் பாட்சைக் காய்ச்சிய அன்று காலையிலிருந்து மழை. நடுவில் கரன்ட் போனது. நுரை அடங்கியது. கரன்ட் வந்து மறுபடி சூடேற்றினேன். கொஞ்சம்தான் நுரைத்தது. மணி நாலாகிவிட்டது. வெள்ளாற்றில் தண்ணீர் ஏறுகிறது, புவனகிரி ரோட்டில் பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்று ஆபீஸ் பையன்கள் சொன்னார்கள். அதுதான் நான் வீட்டுக்குப் போகும் ரோடு. அமிலம் அளக்க ஒரு மணி நேரம் ஆகும். எட்டு பாட்சிலும் எண் ஏழை ஒட்டியேதான் வந்திருந்தது. நான் நோட்டைத் திறந்து, ஒன்பதாம் வரியில் 'ஏழு' என்று எழுதிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். அளக்காமல் ஓர் எண்ணை எழுதியது அன்று ஒரு நாள்தான். காரணம் ஆயிரம் சொல்லலாம். மறுநாள் காலையில் வந்தும் அளக்காமல் விட்டதற்கு மட்டும் காரணம் இல்லை. வந்தேன், பார்த்தேன், எழுதிய எண் கண்ணில் பட்டது. கடந்து போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் காற்றழுத்தத் தாழ்வு வந்தது. கோதண்டம் நடவு நட்டுப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. பயிர் மூழ்கிவிட்டது. மூன்று நாலு நாளைக்குமேல் தண்ணீருக்குள் நின்றால் அழுகிவிடும். இஞ்சினைப் போட்டு இறைக்க ஆரம்பித்த அரை நாளில் அது இருமி இருமி நின்றுவிட்டது. எங்களுக்குப் போன் வந்தது. சாரும் நானும் அவர் காரில் ரோடு இருக்கும்வரை போய், பிறகு முழங்கால் தண்ணீரில் நடந்து போனோம்.

கோதண்டம் ஃபில்ட்டரைக் கழற்றி வைத்திருந்தார். கறுப்பாக, கொழகொழவென்று ஏதோ அடைத்திருந்தது. கலைமணி அதைத் தொட்டு விரலைத் தேய்த்துப் பார்த்து என்னிடம் நீட்டினார்.

"என்னா டீச்சர் இது? சவுக்காரம் மாரி வழுக்குது!"

சவுக்காரம் என்றால் சோப்பு. சோப்பு எப்படி உண்டாகிறது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்! இந்த மாதிரி அமிலம் உலோகத்தோடு சேர்ந்தால் சோப்புதான். டாங்கியின் உலோகத்தோடு சேர அமிலம் எங்கிருந்து வந்தது என்று அங்கேயே, அந்தத் தண்ணீரில் நின்றபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அன்று பொழுது சாயும்வரை சாரும் நானும் அங்கேயே இருந்தோம். டாங்கியைக் காலி செய்து கழுவி, சாதா டீசல் ஊற்றினோம். குழாயில் ஒட்டியிருந்த பிசின் மறுபடி மறுபடி வந்து அடைத்தது. அடைக்க அடைக்க நான் ஃபில்ட்டரைக் கழுவிக் கொடுத்தேன், கோதண்டம் மாட்டினார். மேல வயல் பிழைத்தது. கீழ வயல் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துக் கல்லூரியில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. முதல்வர், ஜாபர் சாரைக் கூப்பிட்டு, மழைத் தண்ணீர் டாங்கியில் இறங்கியிருக்கும், விவசாயி கவனிக்கவில்லை என்று அறிக்கையில் எழுதிவிடலாமே என்றாராம். சார் அதை வந்து என்னிடம் சொன்னார். முகம் களைத்திருந்தது. "தண்ணி எறங்கியிருக்கலாம்தான். ஆனா நாம பாக்கலியே" என்றார்.

ஒவ்வொரு பாட்சிலும் ஒரு சின்ன பாட்டில் எடுத்து அலமாரியில் வைப்பது வழக்கம். சார் போனதும் ஒன்பதாம் பாட்டிலை எடுத்தேன். அளந்தேன். முப்பத்தெட்டு. மறுபடி அளந்தேன். முப்பத்தெட்டு. அவர் அறைக்குப் போய், பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன்.

"ஒம்பதாம் பாட்ச் சார். அமிலம் முப்பத்தெட்டு."

அவர் நோட்டைப் புரட்டினார். "ஏழுன்னு இருக்கே மேரிக்கா?"

"அது பாத்தது இல்ல சார். அன்னிக்கி நான் அளக்கவே இல்ல. சும்மா எழுதிட்டேன்."

சார் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து ஆய்வகத்துக்கு வந்தார். பியூரெட்டைத் தானே கழுவினார். "என் முன்னாடி ஒருக்கா பண்ணுங்க" என்றார். இரண்டு தடவை சொட்டு அதிகமாகி, மூன்றாவது தடவைதான் வந்தது. முப்பத்தெட்டு என்றேன். முப்பத்தெட்டு என்று திருப்பிச் சொன்னார். அதன் பிறகுதான் அழுதேன்.

"அவுங்ககிட்ட போய்ச் சொல்லணும்" என்றார்.

"நான் போறேன் சார்."

"ரெண்டு பேரும். அந்தப் பக்கத்துல கீழ என் கையெழுத்தும் இருக்குல்ல? நானும் பாக்காமத்தான் போட்டிருக்கேன்."

கலைமணி எங்களை உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன். இஞ்சினில் தப்பில்லை, டாங்கியில் தப்பில்லை, நீங்கள் செய்த எதிலும் தப்பில்லை, நான் அளக்காமல் அனுப்பியதுதான் என்று. கோதண்டம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கலைமணியின் முகம் இறுகிவிட்டது.

"ஊர்ல எல்லாரும் என்னா பேசுறாங்க தெரியுமா டீச்சர்? இவருக்கு இஞ்சின் வெச்சிக்கத் தெரியலன்னு பேசுறாங்க. முப்பது வருஷமா இஞ்சின் ஓட்டறவரு."

"நான் வந்து சொல்றேங்க. யாருகிட்ட சொல்லணுமோ சொல்றேன்."

"சொல்லுங்க" என்றார். என்னை டீக்கடைக்கு அழைத்துப்போனார். அங்கே உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர் முன்னால் அதையே மறுபடி சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிஷம் வேறு கிடையாது. ஒரு பெரியவர் மட்டும், "சரி வுடும்மா" என்றார். திரும்பும்போது கோதண்டம் ரோடு வரைக்கும் வந்து, "மழ வருது, பாத்துப் போங்க" என்றார்.

அறிக்கையில் சார் உள்ளதை உள்ளபடி எழுதினார். எனக்கு மெமோ வந்தது. பதிலில் நானும் உள்ளதையே எழுதினேன். திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் அதை மூடிவிடுவார்கள் என்றுதான் இருவரும் எதிர்பார்த்தோம். ஏன் தோற்றது என்று காரணத்தோடு எழுதியிருந்ததாலோ என்னவோ, இன்னொரு வருஷம் கொடுத்தார்கள்.

மாசி மாதம் ஒருநாள் ஆய்வக வாசலில் கலைமணி நின்றார். பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தார்.

"எப்பிடிக் காய்ச்சுறீங்க, எங்க தப்பு வந்துச்சி, எல்லாத்தையும் நான் பாக்கணும்" என்றார்.

காட்டினேன். பிழிவது, வடிப்பது, காய்ச்சுவது, அளப்பது எல்லாவற்றையும். சாயங்காலம்வரை நின்று பார்த்தார். எட்டு எட்டரை என்று எண் வந்தது. பத்துக்குக் கீழே இருந்தால் போதும் என்றேன்.

"அப்ப மிச்சம் எட்டு உள்ளாரதான இருக்குது? ஒரு நாளு பத்தாவும், ஒரு நாளு இருவதாவும். கரன்ட் போவாமயா இருக்கப் போவுது?" கொஞ்சம் யோசித்தார். "அங்க வந்து சவுக்காரமாயி அடைக்கிறத, இங்கயே சவுக்காரமாக்கி வடிச்சிட்டு அனுப்புனா என்னா?"

சார் கையில் வைத்திருந்த பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சொன்னது சுலபம், செய்ய ஐந்து மாதமானது. சோடாவைப் போட்டால் எல்லாம் சேர்ந்து நுரைத்துக் குழம்பியது, பிரியவில்லை. வேறு இரண்டு உப்புகள் விலைக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் கைகொடுத்தது சுண்ணாம்பு. காய்ச்சிய எண்ணெயில் சுண்ணாம்பை அளவாகச் சேர்த்துக் கிண்டினால், மிஞ்சிய அமிலமெல்லாம் அதோடு கட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். வடிகட்டி எடுத்து அளந்தால் எண் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தது. பியூரெட்டில் இரண்டு சொட்டு விடுவதற்குள் நிறம் மாறிவிடும். மீன்தொட்டிப் பம்பு வைத்துப் பார்த்தோம். முள் முன்பைவிட அதிக நேரம் நின்றது. அமில எண்ணுக்கு நேரே இரண்டு கையெழுத்து என்று நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டோம். அளந்தவர் ஒன்று, கூட நின்று பார்த்தவர் ஒன்று.

யாருடைய இஞ்சினில் போடுவது என்ற கேள்வி மறுபடி வந்தது. கேட்க எனக்கு வாய் வரவில்லை. சார்தான் போன் செய்தார். கோதண்டம் தயங்கினார். பின்னால் கலைமணியின் குரல் போனில் எங்கள் இருவருக்குமே கேட்டது: "ஊத்துங்க. நான் சொன்ன மாரி பண்ணியிருக்காங்க, நம்ம இஞ்சின்ல ஊத்தாம வேற யாரு இஞ்சின்ல ஊத்துறது? பக்கத்துல ஒரு கேன்ல டீசலும் வெச்சிக்கிறேன், ஒண்ணும் ஆவாது."

அந்த வருஷக் கார்த்திகை மழை முந்தைய வருஷத்தைவிட ஜாஸ்தி. ரோடுகள் துண்டிக்கப்பட்டன. எங்களால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. டவர் விழுந்ததோ என்னவோ, போனும் போகவில்லை. மூன்று நாள். ஆய்வகத்துக்குப் போவேன், எந்த வேலையும் ஓடாது. சார் வருவார், "எதுனா தகவல்?" என்பார். இல்லை என்பேன். போய்விடுவார். அலமாரியிலிருந்து அந்தப் பாட்சின் பாட்டிலை எடுத்து நான் மூன்று நாளில் நாலு தடவை அளந்தேன். நாலு தடவையும் அதே எண்.

நாலாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. நான் வந்த பஸ் புவனகிரியில் நின்றிருந்தபோது போன் அடித்தது. பக்கத்தில் இஞ்சின் ஓடும் சத்தத்துக்குமேல் கலைமணி கத்தினார்.

"டீச்சர்! பயிரு தல தெரியுது! கீழ வயல்லயும் தெரியுது!"

"இஞ்சின் நிக்கலியே?"

"எங்க நின்னுச்சி? மூணு நாளா தட்டுத் தட்டுன்னு ஓடுது. டீசல் கேனு தொறக்கவே இல்ல."

"அதான் சத்தம் கேக்குதே" என்றேன். "இன்னும் தண்ணி வடியலயா? இப்பவும் இறைக்கிறீங்களா?"

"எங்க வயலு நேத்தே ஆச்சி டீச்சர். இது பக்கத்து வயலு. அவுங்க இஞ்சின் சரியில்ல, கொஞ்சம் குடுங்கன்னு கேட்டாங்க. இவரு தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு. ஒங்க எண்ண இன்னும் ரெண்டு கேனு வேணும், எப்ப கொண்டாறீங்க?"